மேஸ்திரி தலையில் வைத்த கை

கன்னியப்பன் மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் நடந்து வருவதைப் பார்த்ததும் உப்பளத்தில் பாதிப் பேர் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"இன்னா ஆச்சு மேஸ்திரி? மழை வருதா?" என்றாள் கொளஞ்சி. உப்பு வாரும் பலகை அவள் கையில் பாதியில் நின்றது.

"மழையும் இல்ல, ஒன்னும் இல்ல. நீ வாரு."

"யாராச்சும் போயிட்டாங்களா?"

"யாரும் போவல! கழுத்துல நரம்பு."

கழுத்து நரம்புக்குத் தலையில் எதற்குக் கை என்று கொளஞ்சிக்குப் புரியவில்லை. போன வாரம் வரை கன்னியப்பனுக்கே புரிந்திருக்கவில்லை. வலது தோளிலிருந்து கட்டைவிரல், ஆள்காட்டி விரல் வரைக்கும் மின்சாரம் மாதிரி ஒரு வலி ஊர்ந்தது. சலூனில் கழுத்தை ஒரு திருகு திருகிவிடச் சொன்னார். ஊர்ந்துகொண்டிருந்தது பாய ஆரம்பித்தது.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டரம்மா எந்தெந்த விரல் மரத்துப்போகிறது என்று கேட்டார். ரப்பர் சுத்தியலால் கையில் தட்டிப் பார்த்தார். பிறகு கன்னியப்பனின் தலையை வலப்பக்கமாகச் சாய்த்து உச்சியில் லேசாக அழுத்தினார். கன்னியப்பன் போட்ட அலறலில், வெளியே காத்திருந்தவர்களில் இரண்டு பேருக்கு உடம்பு சரியாகிவிட்டது. எழுந்து போய்விட்டார்கள்.

"இப்ப அந்தக் கையத் தூக்கித் தலை மேல வைங்க."

வைத்தார். யாரோ சுவிட்சை அணைத்தது போல வலி நின்றது.

"கழுத்து எலும்புக்கிட்ட நரம்பு நசுங்குது. கையத் தூக்குனா அதுக்குக் கொஞ்சம் எடம் கெடைக்குது. மாத்திரையும் பயிற்சியும் விடாதீங்க. சலூனுக்கு முடி வெட்ட மட்டும் போங்க. வலிச்சா கைய இப்படியே வச்சிக்கலாம்."

டாக்டரம்மாவுக்கு நரம்பைத் தெரியும், மரக்காணத்தைத் தெரியாது. தலையில் கை வைத்தவன் இங்கே குடி முழுகிப்போனவன். கொளஞ்சி கேட்ட அன்று மத்தியானத்துக்குள், முதலாளி உப்பளத்தை விற்றுவிட்டார் என்ற செய்தி கூனிமேடு வரை போய்விட்டது.

கன்னியப்பன் யோசித்தார். மறுநாள் ஒரு காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்து, அதை வலது கையால் பிடித்துக்கொண்டார். உப்பளத்தில் கூடை பிடித்த கையை யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்?

சாயங்காலம் வீட்டு வாசலிலேயே மனைவி அம்சவல்லி மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள்.

"உங்கள மேஸ்திரி வேலையிலேர்ந்து எறக்கி, கூடை தூக்க வுட்டுட்டாங்களாமே! பால்காரரு சொல்றாரு!"

"அடியே, அது வெறுங்கூடை!"

"சம்பளமும் இல்லையா?"

அவள் கவலையிலும் நியாயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். மகன் ராஜவேலும் பூவிழியும் விரும்பி, மூன்று வருடம் கெஞ்சி, இப்போதுதான் பூவிழியின் அம்மா தனகோடி இறங்கி வந்திருந்தார். சகுனம் பார்ப்பதில் அந்த அம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. நல்ல நேரம் பார்க்காமல் நகம்கூட வெட்டமாட்டாராம்.

"ஒரே ஒரு மணி நேரம் அந்தக் கை கீழ இருக்கணும், சொல்லிட்டேன்," என்றாள் அம்சவல்லி.

"அப்பா, ப்ளீஸ்ப்பா," என்றான் ராஜவேல்.

ஞாயிற்றுக்கிழமை கார் தெருமுனையில் நின்றது. தனகோடி தன் தம்பியோடு நடந்து வந்தார். "எங்க வீட்டுக்காரருக்கு அவசர வேலை, வர முடியல," என்றபடி நாற்காலியில் உட்கார்ந்தார். கன்னியப்பன் வலது கையைத் தொடைக்கடியில் திணித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரலில் தேள் கொட்டியது. பல்லைக் கடித்தார்.

தனகோடி அதைக் கவனித்தார். "எங்களப் புடிக்கலன்னா சொல்லிடுங்க."

"ஐயோ, ரொம்பப் புடிக்குதுங்க," என்று சிரித்தார் கன்னியப்பன். சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது.

தாங்க முடியாமல் கையை எடுத்துத் தலைமுடியைக் கோதினார். சுகமாக இருந்தது. மேலும் கோதினார். சொறிந்தார். தனகோடி தம்பியின் காதில் ஏதோ சொல்லி, நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பேன் என்று நினைத்துவிட்டார்களோ என்று பயந்து கன்னியப்பன் சொறிவதை நிறுத்தினார். கை மட்டும் உச்சந்தலையிலேயே தங்கிவிட்டது.

தனகோடி காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நல்ல காரியம் பேசற எடத்துல தலையில கையா?" என்று எழுந்துகொண்டார்.

ராஜவேலின் முகம் மழையில் அகப்பட்ட உப்பாகக் கரைந்தது. அதைப் பார்த்ததும் கன்னியப்பனுக்குள் ஏதோ நிமிர்ந்தது. கையை எடுக்காமலேயே எழுந்து நின்றார்.

"உக்காருங்கம்மா. இந்தக் கைய நான் எறக்க மாட்டேன். துக்கமும் இல்ல, நட்டமும் இல்ல. கழுத்துல நரம்பு நசுங்குது. இங்க பாருங்க!"

கையை இறக்கினார். முகம் கோணியது. ஏற்றினார். மலர்ந்தது. போதாதென்று தலையை வலப்பக்கம் சாய்த்து ஒரு அலறல் போட்டார். அடுத்த வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின.

"பாத்தீங்களா? ஊர்லயே சந்தோஷமா தலையில கை வச்சிருக்கற ஒரே ஆளு நான்தான்! தாலி கட்டற நேரத்துலயும் இந்தக் கை இங்கதான் இருக்கும். எடது கையால அட்சதை போடுவேன். இஷ்டம்னா சம்பந்தம் பேசுங்க!"

அம்சவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். தனகோடி மெதுவாக உட்கார்ந்தார்.

"கட்டைவெரலும் ஆள்காட்டி வெரலுமா?"

"ஆமாங்க."

"எறக்குனா வலிக்கும், ஏத்துனா நிக்கும்?"

"அதேதான்!"

"நடிப்பு இல்லையே?"

"டாக்டரம்மாவையே கேளுங்க."

தனகோடியின் முகத்தில் வெட்கமா, நிம்மதியா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று வந்தது. மறுபடி டம்ளரை எடுத்து, மிச்சக் காபியை ஒரே மூச்சில் குடித்தார்.

"பூவிழி இனிமே உங்க வீட்டுப் பொண்ணு," என்றார்.

ராஜவேல் துள்ளிக் குதித்தான். அப்போது கார் டிரைவர் வாசலில் வந்து தலையைச் சொறிந்தபடி நின்றார்.

"அம்மா, ஐயாவால இதுக்கு மேல கார்ல ஒளிஞ்சிக்கிட்டு உக்கார முடியலையாம். தலையிலேர்ந்து கைய எடுக்காமயே உள்ள வரலாமான்னு கேக்கறாருங்க."