கயிற்றோடு ஓடிவருகிறவர்

பினாங்கில் மழை எப்போது வரும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நடுத்தெருவில் ஒரு வண்டி நின்றுபோனால் யார் வருவார் என்று அடித்துச் சொல்வேன். வண்டி பழுதுபார்க்கும் போமன் வரமாட்டார். அவர் "இந்தா, கிளம்பிட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டு அப்போதுதான் குளிக்கப் போவார். போலீஸ் வராது. சொந்தக்காரர்கள் வரவே மாட்டார்கள். வருகிறவர் வேறொருவர். வண்டியின் கடைசி இருமல் அடங்குவதற்குள், எந்தச் சந்திலிருந்து முளைத்தார் என்று தெரியாமல், ஒரு கையில் தேத்தண்ணீர்ப் பொட்டலமும் மறு கையில் கயிறுமாக அவர் வந்து நிற்பார்.

இவர்தான் இழுவை நிபுணர். இன்றைக்கு உங்களுக்கு நான் காட்டப்போகும் ஜீவராசி.

அடையாளம் காண்பது சுலபம். வந்ததும் டயரை ஓர் உதை உதைப்பார். இன்ஜின் நின்றதற்கு டயர் என்ன செய்யும்? கேட்காதீர்கள், உதைப்பார். பிறகு குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்து, அங்கே இருப்பது என்னவென்று தெரியாவிட்டாலும் "ம்ம்ம்" என்று தலையாட்டி, நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, "இது பேட்டரி இல்ல, நான் சொல்றேன்" என்று தீர்ப்பளித்துவிட்டு, ஈப்போவிலோ தைப்பிங்கிலோ இதே மாதிரி நின்ற இன்னொரு வண்டியின் கதையை ஆரம்பிப்பார். வண்டி யாருடையது, எங்கே போகிறது, உள்ளே யார் இருக்கிறார் என்றெல்லாம் அவர் விசாரிக்க மாட்டார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். இழுக்க வேண்டும். எங்கே இழுப்பது? அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரொம்பத்தான் கேலி செய்கிறானே இந்தப் பையன் என்று பார்க்காதீர்கள். இந்த இனத்தின் ஆயர் ஈத்தாம் வட்டார இளைஞர் அணித் தலைவன் நான்தான். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்துவிட்டோம். அதற்குப் பிறகு எனக்கு நேரம் நிறைய. என் கயிறு பச்சை நைலான். பக்கத்து வீட்டுத் துணிக்கொடியாக இருந்து பதவி உயர்வு பெற்றது. அதை வைத்து நான் முதன்முதலில் இழுத்த காரில், பம்பர் மிக அழகாக வந்தது. கார் வரவில்லை.

இப்படிப்பட்டவன் வீட்டு வண்டியே ஒருநாள் நின்றுபோனால் எப்படி இருக்கும்?

எங்கள் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிக் களைத்துப்போன ஒரு குட்டி பஸ்ஸை அப்பா வாங்கி, இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி, கூரைமேல் ஏர்கோன் எல்லாம் வைத்து அதை மோட்டார்ஹோம் ஆக்கினார். அப்பா பெயர் தயாளன். மலாய்க்கார நண்பர்கள் அவரை 'பொஸ் காரவான்', அதாவது வீட்டுவண்டி முதலாளி, என்பார்கள். எல்லாரும் நினைப்பது போல ஊர் சுற்ற அவர் அதைக் கட்டவில்லை. அம்மாவுக்காகக் கட்டினார்.

ஓர் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்குச் சக்கர நாற்காலிதான். அதில்கூட அம்மாவுக்கு வருத்தமில்லை. தூக்குவதுதான் வருத்தம். ஒரு கல்யாணம், காதுகுத்து என்று போனால் காரிலிருந்து இறக்க நாலு பேர் வருவார்கள். நாலு பேரும் நிபுணர்கள். "தலைப்பக்கம் நீ புடி", "இல்லலா, சோபாவ திருப்புற மாதிரி சைடுல திருப்பு" என்று அம்மாவை வைத்துக்கொண்டே அம்மாவைத் தூக்குவது பற்றிப் பேசுவார்கள். ஒருநாள் அம்மா வீட்டுக்கு வந்து, "இனிமே எந்த விசேசத்துக்கும் நான் வரல" என்றார். அதோடு சரி. அப்பா அடுத்த வாரம் பஸ்ஸை வாங்கிவந்தார். அதன் பின்பக்கத்தில் கைப்பிடியைச் சுற்றினால் விரிகிற ஓர் இரும்புச் சரிவை வைத்தார். அம்மா தானே உருட்டி ஏறலாம், தானே இறங்கலாம். ஒரு கை படாது.

அந்தச் சரிவுக்கு அம்மா வைத்த பெயர் 'என் படி'.

முதல் பயணம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பைராம் தோட்டத்துக்கு. மாமா மகள் பிரமிளாவுக்கு வளைகாப்பு. அவளுக்கு அத்தையான அம்மா கையால் வளையல் போட வேண்டும். ரொம்ப நாளைக்குப் பிறகு அம்மா ஒரு விசேஷத்துக்குப் புறப்படுகிறார். முந்தின நாள் வண்டிக்குப் பூசை போட்டோம். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து அம்மாவே தன் கையால் கட்டினார். நாற்காலியில் இருந்தபடி குனிந்தால் கைக்கு எட்டிய இடம் முன்பக்கம் பம்பருக்குக் கீழே இருந்த இரும்பு வளையம். அங்கே கட்டிக் குங்குமம் வைத்தார்.

மறுநாள் காலையில் வண்டி வீட்டை விட்டுக் கிளம்பியது, ஆயர் ஈத்தாம் சந்தையான பாசார் வரை கம்பீரமாக வந்தது, மேட்டில் இரண்டு முறை இருமியது, நின்றது.

முதலில் வந்தவர் அய்யாக்கண்ணு அண்ணன். பாசார் முனையில் பூக்கடை வைத்திருப்பவர். டயரை உதைத்தார்.

"என்னாடா நேசா, நின்னுருச்சா?"

"இல்லண்ணே, காத்து வாங்குது."

அடுத்து சண்முகநாதன் ஐயா. வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். "நான் ஒரு கருத்துச் சொல்லலாமா?" என்று கேட்பார், நீங்கள் சரி என்பதற்குள் மூன்றாவது கருத்தில் இருப்பார். அதற்கடுத்து இத்ரீஸ் மாமா. எதிர்த்தாற்போல் தேத்தண்ணீர்க் கடை, கடை வாசலில் சொந்த லோரி. "என் லோரியக் கொண்டாரேன். ஒரே இழு. பட்டர்வொர்த் என்னா, பாங்காக் வரைக்கும் இழுக்கலாம்!"

அப்பா காப்புறுதிக் கம்பெனியின் இழுவை வண்டிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், மலாய்க்கு ஒன்றை அழுத்தவும், ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்தவும் என்று ஆரம்பித்தது. அப்பா அழுத்திக்கொண்டே நிழலைத் தேடி நடந்துபோனார்.

தலைவர் இல்லாத வண்டியைப் பார்த்ததும் நிபுணர்களுக்கு எப்படி இருக்கும்! எனக்கே கை துறுதுறுத்தது.

"பம்பர்ல கட்டுவோம்," என்றார் சண்முகநாதன் ஐயா.

"ஐயா, அது பைபர். அப்பா ஒட்டுனது. தும்முனாலே ஆடும்," என்றேன். பம்பர் விஷயத்தில் எனக்கு அனுபவம் இருக்கிறதே.

அய்யாக்கண்ணு அண்ணன் குனிந்தார். "இந்தா கீழ வளையம் இருக்கே! இழுக்கறதுக்குன்னே வெச்ச வளையம்லா இது." கையை நீட்டியவர், எலுமிச்சம்பழத்தைப் பார்த்ததும் சுட்டுக்கொண்டது போல இழுத்துக்கொண்டார். "ஐயையோ, பூசை போட்டது. எப்பக் கட்டுனது?"

"நேத்து."

"நேத்துக் கட்டுனத இன்னிக்கி அவுக்கலாமா? ஆவாதுடா தம்பி."

சண்முகநாதன் ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வளையத்தை ஒரு தடவை கும்பிட்டார். இத்ரீஸ் மாமா, "உங்க சாமி விசயம். நான் கை வைக்க மாட்டேன்பா," என்று விலகினார். இழுப்பதற்கென்றே செய்த ஒரே இடத்தைச் சுற்றி நாலு பேரும் பயபக்தியோடு நின்றோம்.

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது.

"பின்னாலேருந்து இழுத்தா என்னா? பின்னால நல்லாத் தடிச்ச இரும்பு இருக்கு!"

மூன்று பெரிய மனிதர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "பையனுக்கு மூளை இருக்குலா," என்றார் அய்யாக்கண்ணு அண்ணன். என் வாழ்க்கையில் இந்த வாக்கியத்தை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. கண் தெரியாமலே கட்டினேன். கயிற்றை மடித்து, முறுக்கி, நானே கண்டுபிடித்த முடிச்சைப் போட்டேன். மறுமுனையை இத்ரீஸ் மாமா லோரியில் மாட்டினேன். "கொஸ்தான், கொஸ்தான்" என்று லோரியைப் பின்னால் வரச் சொன்ன அய்யாக்கண்ணு அண்ணன், "இப்ப முன்னால விடு" என்று கையைக் காட்டினார். சண்முகநாதன் ஐயா இரண்டு கையையும் காட்டினார், வேறு திசையில். லோரி உறுமியது. கயிறு விறைத்தது. எங்கேயோ இரும்பு முனகியது.

பின்பக்க ஜன்னல் திறந்தது. மடியில் வளையல் பெட்டியோடு அம்மா.

"நேசா, எதுல கட்டியிருக்க?"

"இரும்புலம்மா. செம ஸ்ட்ராங்கு."

"அது என் படிடா."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் ஓடிய ஓட்டத்தைப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓடியிருந்தால் இன்னும் படித்துக்கொண்டிருப்பேன். லோரிக் கதவைப் படபடவென்று தட்டினேன். "நிப்பாட்டுங்க மாமா! நிப்பாட்டுங்க!" இத்ரீஸ் மாமா அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்தினார். நான் கையை உள்ளே விட்டு ஹாரனை அமுக்கினேன். அமுக்கிய கையை எடுக்கவே இல்லை. லோரி நின்றது. ஓடிவந்து முடிச்சை அவிழ்த்தேன். அவிழவில்லை. இதுவரை நான் போட்ட முடிச்சுகளெல்லாம் மரியாதையாகத் தாமாகவே கழன்றுகொண்டவை. வாழ்நாளில் என் முடிச்சு ஒன்று பிடித்து நின்றது அன்றைக்குத்தான். பல்லால் கடித்தேன். கண்ணில் ஏதோ தூசி வேறு. கடைசியில் அய்யாக்கண்ணு அண்ணன் பூ அறுக்கிற கத்தியை எடுத்து என் கயிற்றை இரண்டாக்கினார்.

கைப்பிடியைச் சுற்றினேன். சரிவு திறக்குமா? ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கிறீச்சென்று ஒரு சத்தம். பிறகு சரிவு எப்போதும் போல மெதுவாக விரிந்து தார்ச்சாலையைத் தொட்டது.

உடனே நாலு பேர் கை நீட்டிக்கொண்டு முன்னால் போனோம். ஆமாம், நானும்தான். பழக்கம் விடுமா?

"நான் தலைப்பக்கம்..." என்று ஆரம்பித்தார் சண்முகநாதன் ஐயா.

"யாரும் தொடக் கூடாது," என்றார் அம்மா.

உருட்டிக்கொண்டு இறங்கினார். பாசார் முழுக்கப் பார்த்தது. இறங்கி, வண்டியைச் சுற்றி முன்பக்கம் வந்து, குனிந்து, எலுமிச்சம்பழக் கோவையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, பூசை போட்டதுலா!" என்று பதறினார் அய்யாக்கண்ணு அண்ணன்.

"வண்டியப் பாத்துக்க சாமின்னுதான் கட்டுனேன். வண்டியக் கட்டிப்போடுன்னு சொல்லலயே அண்ணே."

அண்ணன் தானாகவே இரண்டடி பின்வாங்கினார். அந்த இனத்தில் இது அபூர்வக் காட்சி.

அப்பா ஒருவழியாகப் போனில் பிடித்த இழுவை லோரி வந்தது. ஓட்டிவந்த ஹஸ்ருல் அவசரப்படாத ஆள். உள்ளே யாரும் இருக்கக் கூடாது என்றார், சமையல் கேஸ் தோம்பை மூடச் சொன்னார், அலமாரிக் கதவுகளைக் கட்டச் சொன்னார். "நான் ஒரு கருத்துச் சொல்லலாமா?" என்று சண்முகநாதன் ஐயா வந்தார். "சொல்லுங்க பொஸ்" என்று மலாயில் அன்பாகச் சொல்லிவிட்டு, ஹஸ்ருல் இரண்டு காதிலும் பாட்டு கேட்கும் செருகிகளை மாட்டிக்கொண்டார். எலுமிச்சம்பழம் இருந்த வளையத்தில் கொக்கி விழுந்தது. வண்டி அங்குலம் அங்குலமாக லோரியின் தட்டில் ஏறியது.

ஏறியதும் புதுப் பிரச்சினை. கூரைமேல் இருக்கிற ஏர்கோன் பாசார் மின்கம்பியில் இடிக்குமா, இடிக்காதா? நாலு பேரும் அண்ணாந்தோம். "இடிக்கும்." "இடிக்காது." "ஒரு சாண் இருக்கு." "யார் சாண்?" விவாதம் அப்படிச் சூடுபிடித்தது. ஹஸ்ருல் ஒரு நீளக் கழியை நிறுத்தி அளந்து, அந்தப் பக்கமாகப் போகாமல் வேறு தெருவில் திருப்பப் போவதாகச் சொன்னார். அந்த நல்ல சேதியை அம்மாவுக்குச் சொல்லலாம் என்று பெருமையாகத் திரும்பினோம்.

அம்மா இல்லை. அப்பாவும் இல்லை.

நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பெர்ரித் துறையான ஜெட்டிக்குப் போகிற பஸ் வந்திருக்கிறது. தாழ்வான பஸ், பலகையை விரித்தால் நாற்காலி தானே ஏறும். ஏறியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் என் போனுக்கு ஒரு படம் வந்தது. பெர்ரியில் கம்பியோரம் அம்மா, பின்னால் கடல், மடியில் வளையல் பெட்டி, அதன்மேல் எலுமிச்சம்பழம். எல்லாருக்கும் காட்டினேன். அய்யாக்கண்ணு அண்ணன் அதை இரண்டு விரலால் பெரிதாக்கிக் கூர்ந்து பார்த்தார்.

"ஏன்டா, நாற்காலிக்கு பிரேக் போட்டாங்களா?"

பெர்ரி, அப்புறம் ரயில், கடைசியில் மாமாவின் வேனில் ஒரு பலகை. சாயங்காலம் பைராமிலிருந்து இன்னொரு படம் வந்தது. பிரமிளா கையில் வளையல், வளையலில் அம்மா கை. அம்மாவை யாரும் தூக்கவில்லை.

வண்டியும் பட்டறைக்குப் பத்திரமாகப் போய், குணமாகித் திரும்பிவிட்டது. சேதம் என்று பார்த்தால் சரிவில் ஒரே ஒரு கீறல். இன்ஜின் செய்ததல்ல, ஹஸ்ருல் செய்ததுமல்ல; என் முடிச்சின் கையெழுத்து. யாரும் பார்க்காதபோது அதன்மேல் சாயம் பூசிவிட்டேன். அம்மா கேட்டால், பூசியது அப்பா. நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

"நல்லவேளை, நான் அந்த இனம் இல்லை" என்று இப்போது நீங்கள் மூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. அப்படியா? லோரி உறுமிய இடத்தில், "அட முட்டாளே, முதல்ல ப்ரீ கியர் போட்டியா, கைபிரேக்க எடுத்தியா?" என்று உங்கள் உதடு அசைந்ததே, அதை என்னவென்று சொல்வது? சரிவில் கட்டாமல் பின் அச்சில் கட்டியிருக்கலாம் என்று இந்த நிமிடம்கூட யோசிக்கிறீர்களே? உங்கள் கார் பின்பெட்டியைத் திறந்து பாருங்கள். உதிரி டயருக்குப் பக்கத்தில், பழைய நாளிதழுக்கு அடியில், சுருட்டி வைத்த ஒரு கயிறு இருக்கும்.

என்ன நீளம் இருக்கும்? சும்மாதான் கேட்கிறேன். என்னுடையது பாதியாகிவிட்டது.