அரங்குவீட்டில் நாற்பத்து மூன்று லாரிகள்

தூத்துக்குடி,
9-8-1948

மதிப்பிற்குரிய அத்தான் நயினார் அவர்களுக்கு, தங்கள் தங்கை சண்முகத்தாயின் புருஷன் காசிலிங்கம் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. அங்கே கொழும்பில் கடையும், தங்கள் வீட்டாரும், குழந்தைகளும் எந்தக் குறையுமில்லாமல் இருக்கத் திருச்செந்தூர் முருகன் துணையிருப்பான்.

தனுஷ்கோடி சுங்க ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து, சென்ற தை மாதம் ஓய்வு பெற்று, போட்ட மாலையோடு நான் வீடு வந்து சேர்ந்தது தாங்கள் அறிந்ததே. இருபத்தாறு வருஷம் மாதம் ஒருமுறை வந்து, இரண்டு நாள் விருந்தாளி மாதிரித் தங்கிவிட்டுப் போனவன் நான். வந்த மூன்றாம் நாள் கொசுவலையைத் தேடி, நெல்லும் பாத்திரமும் போட்டு வைக்கிற அரங்குவீட்டைத் திறந்தேன். அத்தான், அங்கே நெல் இல்லை. பாத்திரமும் இல்லை. தரையிலிருந்து மேல்பலகை வரைக்கும் லாரி. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். பட்டாளத்து லாரி, தண்ணீர் லாரி, கல் கொட்டுகிற லாரி, சாலை போடுகிற ரோடு ரோலர், சிமெண்டுக் கலவை இயந்திரம், போதாததற்கு ஹார்பர் கிரேன் ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு என் முகத்துக்கு நேரே நின்றது. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்து மூன்று. அங்கிருந்த கருப்பட்டிச் சிப்பத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த உங்கள் தங்கை, சோறு வெந்துவிட்டது என்று சொல்கிற குரலில், "ரோடு ரோலர மிதிச்சிராதிய. பெயிண்டு இன்னும் காயல" என்றாள்.

விசாரித்ததில் தெரிய வந்த விவரம் என்னவென்றால், எங்கள் பையன்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் தாங்கள் வருஷா வருஷம் கொழும்பிலிருந்து அனுப்பினீர்களே சீமைத் தகர லாரிகள், அவற்றில் ஒன்றைக்கூட அவர்கள் விளையாடி முடிக்க இவள் விடவில்லை. வாங்கி, பிரித்து, வெட்டி, நம் ஊர்ச் சாலையில் ஓடுகிற லாரி எப்படியோ அப்படியே மாற்றிச் செய்து வைத்திருக்கிறாள். நிஜ லாரியில் ஒரு அடி என்றால் இவள் லாரியில் அரை அங்குலம், மயிரிழை பிசகாது. நிஜ லாரியை எப்படி அளந்தாய் என்று கேட்டேன். தையல்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு துறைமுகச் சாலைக்குப் போய், டிரைவர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் அளந்தாளாம். காணாமல் போய்விட்டது என்று நான் தனுஷ்கோடியில் வருத்தப்பட்டுக்கொண்டிருந்த என் பொருள்களெல்லாம் அங்கே இருந்தன. கல்யாணத்துக்கு மாமா கொடுத்த குடையின் கம்பிகள் கிரேனின் கழுத்தாக இருந்தன. என் சவர சோப்பு டப்பா கலவை இயந்திரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். "நீங்க மாசத்துக்கு ஒருக்க வந்திய. லாரி தெனமும் வந்துச்சு" என்றாள்.

இது வீட்டுக்குள் கிடக்கிற கிறுக்கு என்றால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அடுத்த வாரம் காயல்பட்டினத்து முஸ்லிம் பெரியவர் வாவு காக்கா வந்தார். கருவாடு ஏற்றுமதி செய்கிறவர், கௌரவஸ்தர். என்னைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் என்னிடம் சண்முகத்தாயம்மா இருக்கிறார்களா என்று கேட்டார். விஷயம் இதுதான்: யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துவிடுகிற லாரிகளை ஏலத்தில் எடுப்பவர்கள், அதற்கு மரத்தில் பாடி கட்டும் முன் உங்கள் தங்கையிடம்தான் வருகிறார்களாம். இவள் முதலில் தகரத்திலும் சுருட்டுப் பெட்டிப் பலகையிலும் சின்னதாகக் கட்டி, தவிடு நிரப்பிய துணிப்பொட்டலங்களை மூட்டையாக அடுக்கி, சாப்பிட உட்காருகிற மணைப்பலகையில் நிறுத்தி, ஒரு பக்கத்தை மெல்லத் தூக்குவாள். எந்த உயரத்தில் லாரி கவிழ்கிறதோ அதைச் சாக்கட்டியால் குறித்துவிட்டு அளவு சொல்லுவாள். அந்த அளவுப்படி பட்டறைக்கார மந்திரமூர்த்தி பெரிதாகக் கட்டுவான். வாவு காக்காவுக்குப் பக்கப்பலகையை இன்னும் ஒன்றரை அடி உயர்த்தினால் கூடுதலாக மூட்டை ஏற்றலாம் என்று ஆசை. உங்கள் தங்கை முடியாது என்றாள், பலகையைத் தூக்கிக் கவிழ்த்தும் காட்டினாள். அவர் சரியென்று போய்விட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. தனுஷ்கோடியில் என் கையெழுத்தில்லாமல் ஒரு மூட்டை படகை விட்டு இறங்காது என்பது தங்களுக்குத் தெரியும்.

பிறகு உங்கள் தங்கை ஒருநாள் சாயர்புரத்துக்குக் காதுகுத்து வீட்டுக்குப் போயிருந்தாள். அன்று மந்திரமூர்த்தி வீட்டுக்கு வந்து, காக்கா மறுபடி ஆசைப்படுகிறார், ஒன்றரை அடி உயர்த்தலாமா அண்ணாச்சி என்று என்னைக் கேட்டான். ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஒரு மனுஷன் என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறான். உயர்த்து என்று சொல்லிவிட்டேன்.

ஆடி பதினெட்டாம் நாள் காக்காவின் லாரி புறப்பட்டது. தேங்காய் உடைத்து, மாலை போட்டு, என்னையும் கௌரவமாக டிரைவர் செல்வதுரை பக்கத்தில் ஏற்றி உட்காரவைத்தார்கள். பின்னால் கருவாட்டு மூட்டை கோபுரமாக நின்றது. திருநெல்வேலி வரை போய் நெல்லையப்பரைக் கும்பிட்டு வருவதாக உத்தேசம். நம் ஊரை அடுத்த புதுக்கோட்டைக்கு முன்னால் இடப்பக்கம் ஒரு வளைவு வரும், தெரியுமல்லவா? அங்கே லாரி திரும்பியது, மூட்டைகள் திரும்பவில்லை. கவிழ்ந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. தூக்கம் வந்த மாதிரி வலப்பக்கமாகப் படுத்துக்கொண்டது. செல்வதுரைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. லாரி முறிக்கவில்லை, அவன் மேல் விழுந்த நான்தான் முறித்தேன். கருவாடு முழுக்கச் சாலையில். புதுக்கோட்டைப் பூனைகள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

தகவல் போய் உங்கள் தங்கை மந்திரமூர்த்தியோடு குதிரை வண்டியில் வந்து இறங்கினாள். கையில் டேப். செல்வதுரையைப் பார்த்தாள், மந்திரமூர்த்தியிடம் அவனை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னாள். பிறகு பக்கப்பலகையை அளந்தாள். "ஒண்ணரை அடி கூட இருக்கு. யாரு சொன்னது?"

மந்திரமூர்த்தி என்னைப் பார்த்தான். இவன் வந்து கேட்டான், நான் சரியென்றேன் என்று சொன்னேன். அவன் வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான். உங்கள் தங்கை அவனைப் பார்த்து, "தெரியாதவுகள்ட்ட கேட்டு வேல செய்யுத ஆளுக்கு இனிம நான் அளவு தரமாட்டேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அடி ஏதும் பட்டதா என்று கேட்டாள். இந்த வாரம் முழுதும் அவள் என்னோடு பேசிய பேச்சு அவ்வளவுதான். காலையில் கஞ்சித் தூக்குச்சட்டியை என் முன்னால் வைப்பாள். நான் அதைச் செல்வதுரை வீட்டுக்குச் சுமந்து போய், அவன் ஒரு கையால் குடித்து முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் பெரிய தண்டனை.

ஆகையால் அத்தான், மூத்தவர் என்ற முறையில் தாங்கள் உடனே உங்கள் தங்கைக்குக் கண்டித்து ஒரு கடிதம் எழுத வேண்டும். குடும்பப் பெண்ணுக்கு லாரி எதற்கு, ஆண்பிள்ளைகள் வந்து அளவு கேட்டு நிற்பது எதற்கு என்று நன்றாக உறைக்கும்படி எழுதவும். இதற்கெல்லாம் வேர், தாங்கள் அனுப்பிய தகர லாரிதான் என்பதையும் மறந்துவிட வேண்டாம். தங்கள் வீட்டாருக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசி. நீரிலோ நிலத்திலோ எங்கே போனாலும் குடும்பத்தோடு பத்திரமாகப் போய் வரும்படி பிரார்த்திக்கும்,

தங்கள்
காசிலிங்கம்

பின்குறிப்பு: மேலே மந்திரமூர்த்தி வந்து என்னைக் கேட்டதாக எழுதியிருக்கிறேன். அவன் வரவில்லை. உங்கள் தங்கை சாயர்புரம் போன அன்று, நானே சட்டையை மாட்டிக்கொண்டு அவன் பட்டறைக்குப் போய், அவள்தான் சொல்லியனுப்பினாள் என்று பொய் சொல்லி உயர்த்தச் சொன்னேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை, அத்தான். அவன் எனக்காக வாயை மூடிக்கொண்டதில், அளவு கிடைக்காமல் இன்று ஏழாம் நாளாகப் பட்டறையைப் பூட்டிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். கையெழுத்துப் போட்ட பிறகு பொறுக்கவில்லை. இந்தக் கடிதத்தை, எழுதாமல் விட்ட இதையும் சேர்த்து, உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "சட்டைய மாட்டுங்க. மந்திரமூர்த்தி வீட்டுக்குப் போவோம், அவன்ட்டயும் இத உங்க வாயால சொல்லுங்க" என்றாள். வாசலில் நிற்கிறாள், போகிறேன். தாங்கள் எழுதவிருக்கும் கண்டிப்புக் கடிதத்தைத் தயவுசெய்து என் பெயருக்கு எழுதவும்.