மாஸ்டர் கட்டிங்கில் இருக்கிறார்

போன வாரம் தியாகதுருகம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் டிபன் பாக்ஸைத் திறந்தார். அவித்த முட்டை. மூடி விலகியதும் அந்த வாடை எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து, கடைசி சீட்டுவரை நடந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் ஆழமாக இழுத்துக்கொண்டேன். மற்றவர்களுக்கு அது முட்டை வாடை. எனக்கு மாஸ்டர் வாடை.

கள்ளக்குறிச்சி ஜில்லாவிலேயே, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் முழுக் குடிகாரன் என்று பெயர் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் தெரு மாஸ்டர்தான். அந்தப் பெயரை வாங்க அவர் பட்ட பாட்டை எந்தக் குடிகாரனும் பட்டிருக்க மாட்டான்.

மாஸ்டர் என்றால் கல்யாணச் சமையல் மாஸ்டர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தெருவில் யாரும் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நாற்பத்துநாலு வயது. அண்டாவைத் தனியாளாக ஏற்றி இறக்கியே தோளும் முதுகும் செதுக்கி எடுத்ததுபோல் இருக்கும். முன்பக்கம் மட்டும் ஒரு தொப்பை, இன்னும் திறப்பு விழா நடக்காத சிலைக்குப் போட்ட துணிபோல.

மனைவி செல்வி களமருதூர்க்காரர். குடித்துக் குடித்தே குடும்பத்தைத் தெருவில் நிறுத்திய அப்பாவுக்குப் பிறந்தவர். அதனால் கல்யாணத்துக்கு முன்பே மாஸ்டரிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "நீ குடிச்சேன்னு தெரிஞ்ச அன்னிக்கு நான் களமருதூர் பஸ்ஸு ஏறிடுவேன். அப்பறம் நீ வந்து கூப்ட்டாலும் எறங்க மாட்டேன்." பதினெட்டு வருடம் மாஸ்டர் அந்தச் சொல்லுக்குக் குறை வைத்ததில்லை.

வினை எங்கள் அச்சகத்தின் வழியாக வந்தது. நான் அங்கே பிழை திருத்துகிறேன். விசிட்டிங் கார்டு அடிக்க வந்த மாஸ்டர், மேஜைமேல் காய்ந்துகொண்டிருந்த நோட்டீஸ் ஒன்றை எடுத்து எழுத்துக் கூட்டினார். 'நேச்சுரல் ஆணழகன் போட்டி. ஊக்க மருந்து எடுக்காதவர்களுக்கு மட்டும். மாஸ்டர்ஸ் பிரிவு தனி.'

"சார், மாஸ்டருங்களுக்குன்னு தனியா போட்டி வெச்சிக்கிறாங்களா?"

நாற்பது வயது தாண்டியவர்களை அந்த உலகத்தில் அப்படிச் சொல்வார்கள் என்றேன்.

"அப்ப பரோட்டா மாஸ்டரும் வருவாரா?"

"அவருக்கு நாற்பது ஆயிருந்தா வரலாம்."

இந்தக் குழப்பம் தீர்ந்த பிறகும் மாஸ்டர் நோட்டீஸைக் கீழே வைக்கவில்லை. போட்டி நடக்கும் இடத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். ஊரின் பெரிய கல்யாண மண்டபம் அது.

"இந்த மண்டபத்துல எத்தினி கல்யாணம் செஞ்சிக்கிறேன் சார். அத்தினியும் பின்னாடி ஷெட்டுல. மேடை எந்தப் பக்கம் பாத்துக்கினு இருக்குதுன்னே தெரியாது. ஒரு தபா ஏறிப் பாக்கணும்."

சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வூட்ல மட்டும் மூச்சு விடாதீங்க. போன்ல பாத்தேன், ஒரு ஜட்டி குடுக்குறாங்க. கோவணத்துக்கே அத்தப் பாத்தா வெக்கம் வரும். அத்தப் போட்டுக்கினு ஊரு முன்னாடி நிக்கப் போறேன்னு எந்த வாயால அதுகிட்ட சொல்றது?"

நான் சத்தியம் செய்தேன். மனிதன் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்கிற காரியங்களில் சத்தியத்துக்குத்தான் முதலிடம்.

மாஸ்டர் ஜிம்மில் சேர்ந்தார். அங்கே சொல்லித் தருபவரையும் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். "இன்னும் ரெண்டு எடுங்க மாஸ்டர்." "முடியல மாஸ்டர்." "முடியும் மாஸ்டர்." வெளியே நின்று கேட்டால் ஒரே ஆள் தன்னோடு தானே தகராறு செய்வதுபோல் இருக்கும். அந்த ஜிம் மாஸ்டர்தான் விதையைப் போட்டவர். "ஒடம்ப ஏத்துறது பல்க்கிங். கொழுப்பக் கரைக்கிறது கட்டிங். நீங்க ஏற்கெனவே ஏத்திக்கினுதான் வந்துக்கிறீங்க. நேரா கட்டிங்தான்."

நான்கு மாதக் கட்டிங். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முட்டை, வெள்ளை மட்டும். மஞ்சள் கரு தெரு நாய்களுக்குப் போனது. ஒரே மாதத்தில் எங்கள் தெரு நாய்களின் மேல் வெயில் வழுக்கி விழுந்தது. பக்கத்துத் தெரு நாய்கள் சம்பந்தம் பேச வந்தன.

சிக்கல் சமையலில் வந்தது. உள்ளங்கையில் ஒரு துளி விட்டு உப்புப் பார்ப்பது மாஸ்டரின் வழக்கம். அந்தத் துளியிலும் எண்ணெய் இருக்கிறதே! "சார், ஞாயித்துக்கெழம சும்மாத்தான இருக்கீங்க? எனக்கு நாக்கா வாங்க" என்றார். போனேன். கொதிக்கும் சாம்பார் கைக்கு வந்தது. கண்ணை மூடினேன்.

"மாஸ்டர், முதல்ல ஒரு ஈரமண் வருது. அதுக்குப் பின்னால, கொஞ்சம் தள்ளி, யாரோ நின்னு..."

"சார், உப்பு ஜாஸ்தியா கம்மியா?"

"ஒரு தயக்கம் இருக்கு."

"தயக்கம்னா எத்தினி கரண்டி சார்?"

அன்று மாப்பிள்ளை வீட்டார் ரசத்துக்கு முன்பே மூன்று முறை தண்ணீர் கேட்டார்கள். ஆனாலும் மாஸ்டர் என்னை விடவில்லை. அவர் உடம்பிலிருந்து இறங்கியது காற்றில் கரைந்துவிடவில்லை. என் இடுப்பில் வந்து உட்கார்ந்தது.

அடுத்த வில்லங்கம் 'நேச்சுரல்' என்ற சொல். போட்டியன்று சிறுநீர் எடுத்து ஊக்க மருந்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து மாஸ்டருக்கு உலகமே மருந்தாகத் தெரிந்தது. "பண்ணக் கோழிக்கு ஊசி போடுறான் சார். ஊசி கோழிக்குப் போயி, கோழிலேர்ந்து முட்டைக்கு வந்து, முட்டைலேர்ந்து எனக்கு வந்து, நான் மாட்டிக்கினா? குழாத் தண்ணிலகூட மருந்து கலக்குறாங்களாமே!" ஆகவே திங்கள்தோறும் முதல் பஸ்ஸில் வெள்ளிமலை. அங்கே நாட்டுக்கோழி முட்டை, சாமை. கூடவே ஒரு வெள்ளைக் கேன். ஓடையில் அதை நிரப்பி, தோளில் வைத்து, மலைப்பாதை வளைவுகளில் மூச்சு வாங்க வாங்க இறங்குவார். அதுவே பயிற்சியும் ஆயிற்று. மேகம் ஒரு பக்கம் இறங்கும், மாஸ்டர் ஒரு பக்கம் இறங்குவார்.

அடிவாரத்தில் ஒரு நாள் போலீஸ் சோதனை.

"கேன்ல இன்னாய்யா?"

"தண்ணி சார்."

"அது தெரியுது. எங்க புடிச்ச?"

"மேல ஓடைல சார். சுத்தமான சரக்கு, கலப்படமே கெடையாது."

அவரை ரோட்டோரம் உட்காரவைத்து, மூடியைத் திறந்து, முகர்ந்து, கையில் ஊற்றி, கடைசியில் ஒருவர் துணிந்து நாக்கில் வைத்தார். "யோவ், நெஜமாவே தண்ணிய்யா!" என்று அவர் கத்தியபோது குரலில் லேசான ஏமாற்றம்கூட இருந்ததாக மாஸ்டர் சொன்னார். ஆனால் அதற்குள் ஒரு பஸ் கடந்து போய்விட்டது. ஜன்னலோரத்தில் எங்கள் தெரு ஆட்கள் இரண்டு பேர்.

மலையிலிருந்து வெள்ளைக் கேனோடு இறங்குகிற ஆளைப் பற்றி எங்கள் பக்கம் யாரும் இரண்டு விதமாக நினைப்பதில்லை: கள்ளச்சாராயம்தான். அதை வைத்துச் சிரிப்பதும் இல்லை.

மற்ற சாட்சிகளை மாஸ்டரின் உடம்பே சொன்னது. கன்னம் ஒட்டியது, கண் உள்ளே போனது, பசியில் கை நடுங்கியது. ஒரு கொத்தமல்லிக் கட்டைப் பார்த்து "ஏன்டா இப்பிடி வாடி நிக்கிற?" என்று ஒரு காலை முழுக்கத் திட்டினார். டீக்கடையில் ஒருவர் கேட்டார்.

"இன்னா மாஸ்டர், இப்பிடி எளச்சிட்டீங்க?"

"கட்டிங்ல இருக்கேன்."

கால் பாட்டிலை இரண்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு கட்டிங். எங்கள் ஊரில் வாய்ப்பாடு தெரியாதவருக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

"தெனமுமா?"

"மூணு மாசமா. இன்னும் ஒரு மாசம் பல்லக் கடிச்சிக்கினு ஓட்டிட்டேன்னு வெய்ங்க, அப்பறம் ஒரே நாள்ல ஃபுல்லா அடிச்சிடுவேன்."

அவர் சொன்னது பிரியாணியை.

அன்று சாயங்காலம் செல்வி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. "ண்ணா, அவுரு உங்ககூடத்தான் சுத்திக்கினு இருக்காரு. மறைக்காம சொல்லுங்க. குடிக்கிறாரா?"

"சத்தியமா இல்லம்மா."

"அப்ப கட்டிங்குன்னா இன்னா?"

மாஸ்டருக்குச் செய்த சத்தியம் குறுக்கே நின்றது. "அது வந்து... கொழுப்பு..."

"யாருக்குண்ணா கொழுப்பு? எனக்கா?"

போய்விட்டார். நான் மாஸ்டரிடம் ஓடினேன். "சொல்லிடுங்க மாஸ்டர். அவங்க பஸ் ஏறிடுவாங்க." மாஸ்டர் கையிலிருந்த முட்டையின் ஓட்டை உரித்து முடித்தார். "சொல்றேன் சார். முடிச்சிட்டு சொல்றேன். பாதிலே சொன்னா வேணாம்னுடும். அது வேணாம்னா என்னால மீற முடியாது."

போட்டிக்கு மூன்று நாள் முன்பு ஜிம் மாஸ்டர், தோல் ஒட்டித் தெரிய வேண்டும், இனித் தண்ணீரைக் குறை என்றிருக்கிறார். மாஸ்டர் எதையும் குறையாகச் செய்யத் தெரியாதவர். வீட்டில் செல்வி சொம்பை நீட்டியதும், "இல்ல செல்வி, தண்ணிய நிறுத்திட்டேன்" என்றார்.

செல்வி அப்படியே உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து, நிறுத்தியவரைக்கும் சந்தோஷம் என்று பாயசம் வைத்தார். மாஸ்டர் பாயசத்தைப் பார்த்த பார்வையில், ஊரைவிட்டுப் போகிறவன் கடைசியாக ஆற்றைப் பார்ப்பதுபோல் ஒரு நீளம் இருந்தது. "ஞாயித்துக்கெழம குடிக்கிறேன்" என்றார். 'குடிக்கிறேன்' என்ற சொல் மட்டும் செல்வியின் காதில் தங்கியது.

அதற்குள் செய்தி பரவி, தண்ணியை நிறுத்தியவருக்கு மோர்தான் மருந்து என்று நான்கு வீட்டிலிருந்து மோர் வந்தது. நாக்கு அட்டைபோல் காய்ந்த மனிதர், சுற்றிலும் டம்ளர் டம்ளராக மோர். வந்தவர்கள் எல்லோரும் "மனச மட்டும் விட்றாதீங்க மாஸ்டர்" என்று முதுகைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

ஞாயிறு விடிந்ததும் மாஸ்டர் ஒரு பையோடு வெளியேறிவிட்டார். நான் மொபெட்டை எடுக்கும்போது செல்வி குறுக்கே வந்தார்.

"எங்கண்ணா அவுரு?"

சிறுநீர்ப் பரிசோதனைக்கு என்று முதலில் சொல்லியிருக்க வேண்டும். அவசரத்தில் வாய் பின்பாதியை மட்டும் சொன்னது. "பாட்டில் குடுக்கப் போயிருக்காரும்மா."

அவர் உள்ளே போய், துணி அடுக்கிய ஒரு பையோடு திரும்பி வந்து என் பின்னால் உட்கார்ந்தார். "எங்க குடுக்குறாருன்னு காட்டிட்டு, என்ன பஸ் ஸ்டாண்டுல வுட்ருங்க."

அந்த வழியில் எத்தனை வேகத்தடை உண்டென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் அந்தப் பை என் முதுகில் இடித்தது.

மண்டபத்தில் தேங்காய் எண்ணெயும் சாயமும் மணத்தன. மேடையில் ஆறு பேர். தலை முதல் கால்வரை கரும்பழுப்பு பூசி, விளக்கில் பளபளத்துக்கொண்டு, அந்த ஜட்டிகளில். மைக்கில் ஒரு பெயரைச் சொன்னார்கள். அது மாஸ்டரின் பெயர் என்று எனக்குத் தெரியாததால் நான் கை தட்டவில்லை. செல்வி மட்டும் நிமிர்ந்தார்.

"ண்ணா, அது எங்க வூட்டுக்காரரு பேராச்சே. எவனோ தாரு பூசிக்கினு வரான்?"

அந்த எவனோ முன்னால் வந்தார். கைகளை உயர்த்தி மடக்கச் சொன்னார்கள். மாஸ்டர் கண்ணுக்குத் தெரியாத ஓர் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கினார். தொப்பை இருந்த இடத்தில் கட்டை கட்டையாக என்னென்னவோ இருந்தன. சிரிப்பு மட்டும் பழையது, தலையை ஒரு பக்கம் சாய்த்து. அதே நொடியில் அவர் செல்வியைப் பார்த்துவிட்டார். செல்வி கையிலிருந்த பையையும் பார்த்துவிட்டார்.

உயர்ந்த கைகள் பாதியில் இறங்கி, துண்டைத் தேடி, துண்டு இல்லாமல் அங்கேயே தொங்கின. மேடையில் ஒளிந்துகொள்ள ஓர் அடுப்புக்கூட இல்லை. நடுவர் அடுத்ததைச் செய்யச் சொன்னார். மாஸ்டர் நின்றது நின்றபடி நின்றார். ஆறு பேரில் அவருக்கு ஐந்தாவது இடம்.

செல்வி அவரிடம் போகவில்லை. ஓரமாக மேஜை போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளைக் கோட்டுக்காரரிடம் நேராகப் போய், மாஸ்டரைக் காட்டினார்.

"சார், எங்க வூட்டுக்காரரு உங்களுக்குத்தான் பாட்டில் குடுத்தாரா?"

"ஆமாம்மா, அஞ்சாம் நம்பர்."

"அதுல இன்னா இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா இருக்கு."

"ஒண்ணுமே இல்லியா? நல்லா பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தாச்சு."

"அத்த எழுதிக் குடுங்க."

அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டைச் செல்வி இரண்டு முறை படித்தார். அந்தச் சோதனை சாராயத்தைப் பார்ப்பதில்லை என்று நான் திருத்தியிருக்கலாம். பிழை திருத்துவது என் தொழில்தான். ஆனால் அன்று ஞாயிறு, எனக்கு விடுமுறை.

வெளியே மாஸ்டர் லுங்கி கட்டி, தலை குனிந்து நின்றார். தோளிலிருந்து சாயம் வியர்வையோடு கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. "செல்வி, சொல்லலாம்னுதான்..." என்று ஆரம்பித்தார். வண்டிக்காரரிடம் வாங்கிய இளநீரை அவர் வாயருகே நீட்டி, "மொதல்ல குடி" என்றார் செல்வி. பதினெட்டு வருடத்தில் அவரைப் பார்த்து அந்தச் சொல்லை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

மாஸ்டர் மூன்று இளநீர் குடித்தார். நான்காவதை வெட்டும்போது செல்வி என் பக்கம் திரும்பினார். "இந்தச் சீட்டு எத்தினி நாளைக்குண்ணா செல்லும்?"

"ஒரு வருஷம்னு வெச்சுக்கலாம்மா."

"அப்ப வருசா வருசம் வந்து நிக்கட்டும்."

மாஸ்டர் இளநீரிலிருந்து வாயை எடுக்காமலே விக்கினார். எனக்கு அந்தத் துணிப்பை உறுத்திக்கொண்டே இருந்தது. "பஸ் ஸ்டாண்டுல விடணும்னீங்களேம்மா?" என்றேன்.

பகல் ஒரு மணிதான் ஆகியிருந்தது. களமருதூர் இருக்கிற உளுந்தூர்பேட்டைப் பக்கம் பொழுதுக்கும் பஸ் உண்டு. செல்வி பையைக் கழற்றி மாஸ்டரின் சாயத் தோளில் மாட்டினார்.

"பஸ்ஸு போய்டுச்சிண்ணா. இன்னா பண்றது, இவுரு கூடவே போறேன்."