வடக்கைக் கூட்டிக்கொண்டு நடந்த சித்தர்

சிங்கப்பூர்த் தேக்காவில் பொங்கல் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அண்ணாந்து பார்க்கத்தான் ஆளில்லை. எல்லாருடைய கண்ணும் ஒரு சேலைக்கடையின் மாடிப்படிமேல் இருந்தது. மாடியில் துறைகாட்டிச் சித்தர் எழுந்தருளியிருந்தார். பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்பதை அவருடைய ஞான ஊசி காட்டும். பள்ளிக்கூடத்தில் வாங்கிய மதிப்பெண்ணெல்லாம் மாயை, ஊசிதான் மெய். காணிக்கையைச் செல்பேசியிலேயே அனுப்பிவிடலாம். ஞானத்துக்குச் சில்லறை ஆகாது.

வரிசை தெருமுனை திரும்பி, மீன்தலைக் கறிக்கடை வாசல்வரை நீண்டது. அங்கே சாப்பிட வந்த இருவர் வரிசை மாறி நின்று, மாடிக்குப் போய், இன்ஜினியர்களாகத் திரும்பினார்கள். மேலே சித்தரின் காலடி இடத்தை யாரோ, ஊர் வழக்கப்படி, டிஷ்யூ பாக்கெட் வைத்துப் பிடித்திருந்தார்கள். அந்தப் பாக்கெட்டை மட்டும் சித்தரின் அருளாலும் நகர்த்த முடியவில்லை.

பாசிர் ரிஸ்ஸிலிருந்து மகள் கிம்பர்லியோடு வந்திருந்தார் சிலுவைராஜ். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத மனிதர். 'இது சாமி விஷயமில்லை, கேரியர் கைடன்ஸ்' என்று ரயிலில் வரும்போதே மனசாட்சியிடம் சொல்லி வைத்திருந்தார். மனசாட்சியும் சரியென்று தூங்கிவிட்டது.

போலிடெக்னிக் விண்ணப்பம் அன்றிரவோடு முடிகிறது. கிம்பர்லிக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் வேண்டும். சிலுவைராஜுக்கோ, பெண்ணுக்கு அது ஒத்துவருமா என்று பயம்.

"அப்பா, ஒரு ஊசி சொல்றதுக்காகவா நான் நாலு வருஷமா ரோபோட்டிக்ஸ் போனேன்?"

"சித்தர் சொல்றதுதான் ஃபர்ஸ்ட் சாய்ஸ். நம்ம பிளாக்ல லிஃப்ட் ஏன் மாசம் ஒரு தடவை நிக்குதுன்னு கேட்டா அவரே சொல்றாராம்."

"ஏனாம்?"

"பதினோராவது மாடியில ஒரு பொண்ணு இன்ஜினியரிங் படிக்குதாம்."

கிம்பர்லி அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பழுதுபார்க்கப் பாகம் கிடைக்காத இயந்திரத்தை அப்படித்தான் பார்ப்பார்கள்.

மேலே, தரைவரை பட்டுத்துணி தொங்கும் ஒரு மேசை. அதன்மேல் பித்தளைத் தட்டு. தட்டின் நடுவில் மயிலிறகு வண்ணம் பூசிய ஊசி. விளிம்பின் இடப்பக்கம் சீப்பும் கரண்டியும், வலப்பக்கம் பற்சக்கரம். பையன் கையை நீட்டினால் ஊசி பற்சக்கரத்துக்கு ஓடியது. பெண் நீட்டினால் கரண்டிக்கு ஓடியது. நெல்முனையளவும் பிசகவில்லை.

கிம்பர்லி கையை நீட்டினாள். கரண்டி.

"இரும்பு தோஷம்!" என்றார் சித்தர். "பொண்ணுக்கு இரும்பு ஆகாது, பாப்பா."

"உங்க ஊசி இரும்புதானே அங்கிள்?"

"அது ஆண் ஊசி."

கூட்டம் மெய்சிலிர்த்தது. சிலுவைராஜ் செல்பேசியை எடுத்து விண்ணப்பத்தைத் திறந்தார். முதல் தேர்வில் சமையற்கலையைப் போட விரலைத் தூக்கினார்.

"அப்பா, டூ மினிட்ஸ் லா. ப்ளீஸ்."

மாடியில் வரிசையில் நின்ற நேரமெல்லாம் கிம்பர்லி ஊசியைப் பார்க்கவில்லை, மேசைத்துணியைப் பார்த்திருந்தாள். பையன் வந்தால் துணி ஒரு பக்கம் அசைந்தது, பெண் வந்தால் மறுபக்கம். அவள் தன் செல்பேசியில் திசைகாட்டியைத் திறந்தாள்.

"வடக்கு எந்தப் பக்கம் அங்கிள்?"

"மாடிப்படிப் பக்கம்," என்றார் சித்தர், எதற்கென்று தெரியாமல்.

அவள் செல்பேசியை மேசையருகே கொண்டுபோனாள். சிவப்பு முள் மாடிப்படியை விட்டுவிட்டுச் சித்தரின் வலது முழங்காலைக் காட்டியது. சித்தர் திடுக்கிட்டு எழுந்து ஜன்னலோரம் போனார். அவள் பின்னாலேயே போனாள். வடக்கும் ஜன்னலோரம் போனது. அவர் மின்விசிறிப் பக்கம் ஒதுங்கினார். வடக்கும் காற்று வாங்க வந்தது.

"பாத்தீங்களா? இவர் கால்ல காந்தம் இருக்கு!"

மகளுக்காக ஊசி கேட்டுவிட்டு நின்ற அன்னம்மா என்ற அம்மாள் தேம்பினார்: "ஐயோ, வடக்கே இவர் பின்னாடி போகுதே!"

கூட்டம் மொத்தமாகச் சாஷ்டாங்கமாக விழுந்தது. சித்தர் நொடியில் சமாளித்தார். "இதை யாருக்கும் சொல்லாம வச்சிருந்தேன்," என்றார் அடக்கமாக. சிலுவைராஜின் முழங்காலும் மடியத் தொடங்கியது.

"அப்பா, எழுந்திருங்க!" என்று அவரைப் பிடித்து நிறுத்திவிட்டு, கிம்பர்லி அன்னம்மாவிடம் திரும்பினாள். "ஆன்ட்டி, உங்க வளையல்ல இருக்கிற சேஃப்டி பின் எல்லாம் குடுங்க."

சேலை கட்டும் பெண்கள் ஊசிக்குப் பஞ்சம் வைப்பதில்லை. அன்னம்மா கொடுத்தார், அதைப் பார்த்துப் பத்துப் பேர் கொடுத்தார்கள். உள்ளங்கை நிறையப் பின்களோடு அவள் சித்தரின் முழங்காலருகே குனிந்தாள். பின்களெல்லாம் துள்ளிப் பாய்ந்து பட்டு வேட்டியில் அப்பிக்கொண்டன, பலாச்சுளையில் ஈ மொய்த்த மாதிரி. ஒன்று குத்தியது. சித்தர் ஞானமில்லாத மொழியில் கத்தினார்.

"மூட்டுவலி! அதுக்குக் கட்டுன காந்தம்!"

"பரவால்ல அங்கிள். கழட்டி அந்த நாற்காலியில வச்சுட்டு வந்து ஊசியைக் கேளுங்க."

மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அன்னம்மாவே முழங்காலில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்துவிட்டார். காந்தம் மூலைக்குப் போனது. கிம்பர்லி கை வைத்தாள்: ஊசி மாடிப்படியைக் காட்டியது. ஒரு பையன் கை வைத்தான்: மாடிப்படி. யாரோ அந்த டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து வைத்தார்கள்: மாடிப்படி.

"அப்போ என் பொண்ணுக்குக் கரண்டின்னு காட்டினது?" என்றார் அன்னம்மா.

"அது இவரோட முட்டி சொன்னது ஆன்ட்டி."

பல நாளாய்ப் பொய் சொல்லி அலுத்திருந்த ஊசி, அன்று முதன்முறையாக ஒரு மனிதருக்குச் சரியான வழி காட்டியது. சித்தர் அந்த வழியாகவே இறங்கி ஓடினார்.

சிலுவைராஜ் செல்பேசியைப் பார்த்தார். சமையற்கலை இன்னும் விரலுக்கடியில் இருந்தது. செல்பேசியை மகளிடம் நீட்டினார். அவள் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கைத் தட்டினாள்.

இறங்கும்போது அவர் மெல்லக் கேட்டார்: "அப்போ நம்ம லிஃப்ட் ஏன் நிக்குது?"

"தெரியல அப்பா. படிச்சுட்டுத் திறந்து பாக்குறேன்."

சித்தர் இப்போது குவீன்ஸ்டவுனில் கடை போட்டிருப்பதாகக் கேள்வி. போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். கையோடு ஒரு சேஃப்டி பின் எடுத்துப் போங்கள். வீட்டில் இருந்தால், மூளையையும்.