இறுக்கி உருட்டிய சீடை

எனக்குச் சீடை செய்யத் தெரியாது என்று சொந்தக்காரர்கள் இன்னமும் சொல்லித் திரிகிறார்கள். இது அநியாயம். கல்யாணமான புதிதில் எனக்கு எதுவுமே செய்யத் தெரியாது. சீடையை மட்டும் தனியாகப் பிரித்துப் பேசுவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பிறந்த வீட்டில் அக்காமார் சமைப்பார்கள், கடைக்குட்டியான நான் தீப்பெட்டி ஒட்டுவேன். என் கை வேகம் என்பதால் என்னை அடுப்படிப் பக்கமே விடவில்லை. ஊருக்கெல்லாம் தீப்பெட்டி ஒட்டிக் கொடுத்தவள், கல்யாணமாகி வந்து விறகு அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாமல் நின்றேன். (தீப்பெட்டியை எந்தப் பக்கம் திறப்பது என்று மட்டும் நன்றாகத் தெரியும்.)

என் வீட்டுக்காரருக்குச் சிவகாசியில் ஒரு வெடிக் கம்பெனியில் வேலை. மருந்து கலக்கும் இடத்துக்கு அவர்தான் போர்மேன். அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் இருந்த வளவு ஒன்றில் எங்களுக்கும் ஒரு வீடு கிடைத்தது. நான் வைத்த முதல் குழம்பை வாயில் வைத்தவர் திட்டவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்குள் வந்தார். "உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ரெண்டு பேருமாப் படிப்போம் புள்ள" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் வேலைவிட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சமைப்போம். ஆம்பளை அடுப்படியில் நிற்பது வெளியே தெரிந்தால் அவர் கம்பெனியில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. புதுசாகக் கல்யாணமானவர்கள் பகலிலேயே கதவைச் சாத்துகிறார்களே என்று வளவுப் பெண்கள் குழாயடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். உள்ளே நாங்கள் புளி எவ்வளவு கரைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

கம்பெனிப் பழக்கம் முழுவதையும் அவர் அடுப்படிக்குக் கொண்டுவந்தார். எதையும் சலிக்காமல் சேர்க்கக் கூடாது. (உப்பைக்கூடச் சலித்தார்.) கலக்கும்போது இரும்புக் கரண்டி ஆகாது, உரசும். கலக்குகிறவரிடம் யாரும் பேசக் கூடாது. நான் இதையெல்லாம் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்து, சாம்பார்ப் பொடியைக் கலக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்கு அம்புட்டு அறிவு. ஆனாலும் சந்தோஷமாக இருந்தோம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ரசம் முதன்முதலாக ரசம் மாதிரி வந்த அன்று இருவரும் சட்டியோடு குடித்தோம்.

இதற்குள் சாத்தூர்ப் பக்கம் கிராமத்திலிருந்த என் மாமியார் காதுக்கு, மகன் இளைத்துப்போனான் என்ற செய்தி போய்விட்டது. "நான் வந்து பாக்கேன். சாப்பாடு சரியில்லேன்னா ரெண்டு பேரும் மூட்டையைக் கட்டிட்டு ஊருக்கு வந்திருங்க. அவன் அங்கனயிருந்து பஸ்ஸுல வேலைக்குப் போகட்டும்" என்று ஆள் மூலம் சொல்லிவிட்டார். ஊர் வீடு என்றால் மூத்தார்கள், ஓரகத்திகள் எல்லோரும் இருக்கும் வீடு. அங்கே ஆண்கள் தண்ணீர் குடிக்கக்கூட அடுப்படிக்குள் வர மாட்டார்கள். அங்கே போனால் நாங்கள் சேர்ந்து சமைப்பது அத்தோடு சரி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமியாருக்குச் சீடை என்றால் உயிர். அதைச் செய்து அசத்திவிடலாம் என்று முடிவு செய்தோம். பக்கத்து வீட்டு முத்தக்காவிடம் பக்குவம் கேட்டேன். வறுத்த அரிசி மாவு, உளுந்த மாவு, தேங்காய், எள் என்று எல்லாம் விவரமாகச் சொன்னாள். எப்படி உருட்டுவது என்பதை மட்டும் சொல்லவில்லை. பின்னால் கேட்டதற்கு, "அது பிறந்த பிள்ளைக்கும் தெரியுமே" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அத்தை வருவதற்கு முன்பே உருட்டி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். நான் உருட்டியதைப் பார்த்து அவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன புள்ள, தொளதொளன்னு உருட்டுற?"

"பின்ன எப்படி உருட்டணும்?"

"இறுக்கணும். வெடிக்குச் சணல் சுத்தும்போது இறுக்கம் இல்லேன்னா புஸ்ஸுன்னு போயிரும். எந்த வேலைன்னாலும் இறுக்கம்தான் முக்கியம்."

நான் உருட்டியதையெல்லாம் பிரித்து, உள்ளங்கையில் வைத்து அழுத்தி அழுத்தி அவரே மறுபடி உருட்டினார். ஒவ்வொன்றும் கோலிக்குண்டு மாதிரி, கீறல் இல்லாமல், பளபளவென்று இருந்தது. நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அவர் சொன்னதன் அர்த்தம் என் மரமண்டைக்கு அப்போது எட்டவில்லை. இறுக்கிக் கட்டினால்தான் வெடிக்கும் என்று அந்த மனுஷன் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார்.

அத்தை வந்து முன்னறையில் பாயில் உட்கார்ந்தார். நான் எண்ணெய்ச் சட்டியை ஏற்றி, முதல் ஈட்டைப் போட்டேன். அம்மாவோடு பேசிக்கொண்டிருங்கள் என்று நான் உட்கார வைத்திருந்த ஆள், தான் உருட்டியது எப்படி வேகிறது என்று பார்க்க ஆசைப்பட்டு உள்ளே வந்து, மீதி மாவைப் பிசைந்தபடி நின்றார்.

ஒரு சீடை வெடித்தது. கூரையில் போய் அடித்துவிட்டுக் கீழே விழுந்தது. நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அடுத்த நொடி சட்டி முழுவதும் படபடவென்று வெடித்தது.

அவருடைய கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல், பக்கத்து வாசல் வழியாக ஓட வேண்டும். அதை வருஷக்கணக்கில் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் இவர்தான். சட்டத்தில் ஒரு புள்ளி பிசகவில்லை. "எல்லாரும் வெளிய ஓடுங்க" என்று கத்திக்கொண்டே, பாயில் இருந்த பெற்ற தாயைத் தாண்டிக் குதித்து முற்றத்துக்கு ஓடிவிட்டார். அவருக்கு அடுப்படியில் ஒரு பெண்டாட்டி இருந்தாள். அவள் முறத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஆட்டுரலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போர்மேனே ஓடி வந்தால் வளவு சும்மா இருக்குமா? பாதிப்பேர் வெடிக் கம்பெனி ஆட்கள். ஆளுக்கொரு வாளி மண்ணோடு உள்ளே புகுந்து அடுப்பில் கொட்டினார்கள், சட்டியில் கொட்டினார்கள், என் தலையிலும் கொட்டினார்கள். வளவின் சொந்தக்காரர் வாசலில் நின்றுகொண்டு, "வீட்டுக்குள்ள வச்சு வெடி கட்டுறீகளா? லைசென்ஸ் இருக்கா?" என்று அதட்டினார்.

"சீடைங்க" என்றேன்.

"எம்புட்டு மருந்து போட்டீக?"

அப்போதுதான் என் மாமியார் எழுந்து வந்தார். மண்ணில் கிடந்த ஒரு சீடையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை. பிறகு முற்றத்தில் நின்ற மகனைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் மாவு.

"ஏலே, நீயா உருட்டின?"

வளவே கேட்டுக்கொண்டு நின்றது. பொய் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். "ஆமாம்மா. நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் சமைப்போம்" என்றார். அவர் மேலிருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. (மீதிப் பாதி பத்திரமாக இருக்கிறது.)

எங்கள் குடித்தனம் முடிந்தது, மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நான் மண்ணை உதறிக்கொண்டு நின்றேன். அத்தை தன் மஞ்சள் பையை எடுத்து இடுக்கிக்கொண்டார்.

"உங்க ரெண்டு பேரையும் ஊருக்குக் கூட்டிட்டுப் போனா என் வீட்டுக்குக் கூரை மிஞ்சாது. இங்கனயே இருந்து சமைங்க. தீபாவளிக்கு நீங்க ஊருக்கு வாங்க, நான் இங்க வர மாட்டேன்."

தனிக்குடித்தனம் நிலைத்தது. பேர் மட்டும் எனக்குக் கெட்டது. உருட்டியவர் அவர், ஓடியவர் அவர், ஆனால் ஊர் என் பேரைப் போட்டுத்தான் சொல்கிறது, 'பேச்சி சுட்ட சீடை' என்று. எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும், பலகாரத் தட்டுப் பக்கத்தில் எவனாவது ஒரு வாளி மண்ணைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான்.

இன்றும் சீடையை நாங்கள் இருவரும்தான் செய்கிறோம். அவர் இப்போது தொளதொளவென்றுதான் உருட்டுகிறார். முதல் ஈட்டை எண்ணெயில் போடுவதற்கு முன்னால் மட்டும் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். புதிதாக வந்த மருமகள் அதைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். வயதான காலத்திலும் எவ்வளவு பாசம் என்று நினைக்கிறாள் போல. பாசமெல்லாம் ஒன்றுமில்லை. இன்னொரு தடவை ஓடினால் என்னையும் இழுத்துக்கொண்டுதான் ஓட வேண்டும் என்று, தலையில் மண்ணோடு நின்ற அன்றைக்கே நான் போட்ட கண்டிஷன் அது.