அனுப்பிட்டன்காரர்

எங்கள் இனத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். பெயர் அனுப்பிட்டன்காரர். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "நான் அனுப்பிட்டனே!" போய்ச் சேர்ந்ததா? அது எங்கள் கவலையில்லை. ஆனால் இந்த இனத்தில் மெத்தப் படித்த பிரிவொன்று உண்டு. போய்ச் சேர்ந்ததா என்பதைத் தவிர அதற்கு வேறு கவலையே கிடையாது. மன்னாரில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனிக்கு மென்பொருள் எழுதும் சியாம் அந்தப் பிரிவு.

சில மென்பொருள்கள் ஒரு கணினியில் தங்கி, வேலையை முடித்து, தாமாகவே அடுத்த கணினிக்குப் பெயர்ந்துவிடும். முகவர்கள் என்று பெயர். அவற்றுக்குச் செய்தி சேர்ப்பதுதான் சியாமின் வேலை. செய்தி தேடிப் போனால் ஆள் இருக்காது. ஆகவே முகவர் போகிற இடத்தைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும், செய்தி விசாரித்து விசாரித்துப் பின்னால் ஓடவேண்டும், பிடித்து ஒரே ஒரு தடவை கையில் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டாலும் பிழை, இரண்டு தரம் கொடுத்தாலும் பிழை. இதைச் சியாம் கலியாண வீட்டிலும் சொல்வான், செத்த வீட்டிலும் சொல்வான். "என்ர செய்தி துலைஞ்சதாச் சரித்திரமே இல்லை!"

அவன் விரும்பிய கிருஷிகாவுக்கு ஊரூராகப் போகும் கண் பரிசோதனைக் குழுவில் வேலை. "ஞாயிற்றுக்கிழமை வீட்டை வந்து கேக்கிறியளோ? இல்லாட்டி அப்பா மற்றச் சம்பந்தத்துக்கு ஓம் எண்டிடுவார்" என்று ஒரு மாலை எழுதியிருந்தாள். எழுதி, அழித்து, திருத்தி, மறுநாள் காலை சியாம் பதில் அனுப்பினான்: "ஓம்."

ஒற்றைச் சரி. இரண்டாவது சரி அடையாளம் விழவில்லை; செய்தி போய்ச் சேரவில்லை. மறுபடி "ஓம்." மறுபடி ஒற்றைச் சரி. நிபுணருக்கு வியர்த்தது. மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

குழு காலையில் இருந்த வங்காலைக் கோயில் மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்த பெண், "இப்பதான் முருங்கனுக்கு வெளிக்கிட்டவை" என்றாள்.

"கண்டா, சியாம் ஓம் எண்டவர் எண்டு சொல்லிவிடுங்கோ அக்கா."

முருங்கன் தேத்தண்ணிக் கடைக்காரர் பைறூஸ், "பாப்பாமோட்டைக்குப் போட்டினம்" என்றார். அவரிடமும் ஓமை ஒப்படைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் பக்கம் புறப்படவிருந்த பஸ் கொண்டக்டரிடமும் ஒன்று கொடுத்தான்.

பாப்பாமோட்டையில் கிருஷிகா இடுப்பில் கைவைத்து நின்றாள். "வாங்கோ! கொண்டக்டர் பஸ்ஸை நிப்பாட்டி வாழ்த்திப்போட்டுப் போறார். வங்காலை அக்கா எங்கட டொக்டருக்குக் கோல் எடுத்துச் சொல்லியிருக்கிறா. பைறூஸ் நானாவும் ஆள்விட்டவர். ஓம், நல்லாச் சேந்திட்டுது. நான் இரவு போட்ட குரல் பதிவைக் கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. அனுப்புகிற அவசரத்தில் வந்ததைத் திறக்க ஏது நேரம்? கண்ணில் மருந்து விட்டு வரிசையாக அமர்ந்திருந்த முதியவர்களுக்கு முன்னாலேயே அதைப் போடச் சொன்னாள்.

"சியாம், போனைத் திருத்தக் குடுக்கப்போறன், மெசேஜ் போடாதேங்கோ. ஞாயிறு அப்பாவுக்கு ஏலாதாம். நாளைக்குக் காலமையே வீட்டை போங்கோ. பாத்துக்கொண்டிருப்பார்."

கண்ணை மூடியபடி ஒரு முதியவர் கேட்டார்: "அப்ப அந்த மனிசன் இன்னும் பாத்துக்கொண்டோ இருக்குது?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பின்னேரம் புழுதியோடு சியாம் போய் நின்றபோது, கிருஷிகாவின் தகப்பன் சிங்கராசா மடிப்புக் கலையாமல் அழுத்திய சேட்டோடு, காலையில் அமர்ந்த அதே கதிரையில் இறுகிப்போய் இருந்தார். நடந்ததைச் சியாம் ஒளிக்காமல் சொன்னான். அவர் முகம் இளகவில்லை.

"நீர் என்ன வேலை பாக்கிறனீர்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தான்.

"செய்தி தவறாமப் போய்ச் சேரப் பண்ணுற வேலை, ஐயா."

சிங்கராசா அவனை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர், இருமல் வரும்வரை நிறுத்தவில்லை. உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டார். "றஞ்சிதம்! தம்பிக்குச் சோத்தைப் போடும். பொய் சொல்லத் தெரியாத பெடியன், பிள்ளையைக் குடுக்கலாம்."

நீங்களும் சிரிக்கிறீர்களா? நல்லது. 'இது அப்படியே அவன்தான்' என்று இதை யாருக்கோ அனுப்ப இப்போதே விரல் துடிக்குமே? அனுப்புங்கள். நாங்கள் எல்லாரும் அப்படித்தான். அதற்கு முன், உங்களுக்கு வந்து திறக்காமல் கிடக்கிறதே, அது யாருடையது?