வருடத்துக்குப் பன்னிரண்டு தீபாவளி

நவம்பர் நான்கு, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்தேன், சைக்கிளுக்குக் காற்றடித்தேன், நாளிதழை மடிப்புக் கலையாமல் படித்தேன். வேலை இல்லை. தீபாவளி முடிந்து இரண்டு வாரம். நான் பெட்டி கட்டும் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி பூட்டிக் கிடந்தது. அதனால் அக்காவை அழைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன்.

அக்காவுக்குச் சிறு வயதிலேயே இளம்பிள்ளைவாதம். திருமணமாகவில்லை, என்னோடு இருக்கிறாள். மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு அவள் மனுப் போட்டதற்குக் காரணம் நான்தான். பஸ்ஸுக்கு இருபது ரூபாய் கேட்டாலும் எங்கே, எதற்கு, மீதி எவ்வளவு என்று கேட்பேன் (அதை அக்கறை என்று நினைத்திருந்தேன்). யாருக்கும் பதில் சொல்லாமல் செலவழிக்க அவளுக்குக் கொஞ்சம் பணம் வேண்டும். ஆனால் குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டினால் மனு தள்ளுபடி.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுலே" என்று வழியெல்லாம் சொல்லி வந்தாள்.

அலுவலர் இளைஞர், மரியாதையானவர். போன மாதம் எவ்வளவு சம்பாதித்தேன் என்று கேட்டார். போன மாதம் சீசன். தீபாவளி வரை ஓவர்டைம் இல்லாமல் ஒருவரும் வீடு திரும்பவில்லை. சில்லறை பிசகாமல் சொன்னேன். இப்போது கம்பெனி பூட்டிக் கிடப்பதைச் சொல்லவில்லை (அவர் கேட்கவில்லையே). பன்னிரண்டால் பெருக்கினார். வரம்புக்குச் சற்றுக் கீழே நின்றது.

அத்தோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

"சார், தீபாவளி போனஸ விட்டுட்டீக."

அக்காவின் ஊன்றுகோல் என் பாதத்தின் மேல் ஏறியது. தெரியாமல் வைத்துவிட்டாள் என்று காலை நகர்த்திக்கொண்டேன்.

"அதும் வேணுமா அண்ணாச்சி?" என்றார் அலுவலர்.

"கணக்குன்னா முழுசா இருக்கணும் சார்."

பெருமூச்சு விட்டு, மாத வருமானக் கட்டத்திலேயே போனஸையும் சேர்த்தார். கம்ப்யூட்டர் அதையும் பன்னிரண்டால் பெருக்கியது. ஒரு நொடியில் நாங்கள் வசதியான குடும்பமாகிவிட்டோம்.

"அடுத்த மாசம் வாங்கக்கா" என்று அக்காவிடம் மட்டும் சொன்னார். "தம்பிய வீட்டுல விட்டுட்டு வாங்க."

அக்கா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "வருசத்துக்குப் பன்னெண்டு தீபாவளி வருதுலே நம்ம வீட்டுல. எனக்கு ஒரு சேலையக்கூடக் காணோமே."

இன்றும் சொந்தக்காரர்கள் வந்தால், இந்த மாசத் தீபாவளி நல்லபடியா முடிந்ததா என்றுதான் என்னை விசாரிக்கிறார்கள்.

அலுவலகம் போய் வந்த மறுநாள் காலை, நான் குடத்தை எடுப்பதற்கு முன்பே அக்கா வந்து கையை நீட்டினாள்.

"இந்த மாசப் போனஸ்."

எதற்கு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, ஐநூறு ரூபாய் கொடுத்தேன்.